எச்.பி.எஃப். ஊட்டி: டிஜிட்டல் கேமரா வரும் முன்பே படுத்துவிட்ட ஃபிலிம் தொழிற்சாலை

படச்சுருள் எழுதியது:

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் எச்.பி.எஃப். என்று ஒரு நிறுத்தம் உண்டு. இளையவர்கள் பலருக்கு அந்த மூன்று எழுத்தின் விரிவு தெரியாது. ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். கறுப்பு வெள்ளை சினிமா ஃபிலிம், ஸ்டுடியோக்களுக்கான ரோல் ஃபிலிம், போட்டோ பேப்பர், எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாவற்றையும் ‘இந்து’ என்ற பெயரில் போட்டுக்கொண்டிருந்த மத்திய அரசு நிறுவனம். 1960இல் பதிவானது. பிரான்சின் பௌஷே நிறுவனம் தொழில்நுட்பம் கொடுத்தது. 1967இல் உற்பத்தி தொடங்கியது. நன்றாக ஓடிய காலத்தில் ஐயாயிரம் பேர் வரை வேலை பார்த்த இடம்.

இதைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லாரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: “டிஜிட்டல் வந்தது, ஃபிலிம் போச்சு, கம்பெனியும் போச்சு.” எனக்கு இது பொறுக்கவில்லை. காலக்கணக்கே இதற்கு ஒத்துவராது. எச்.பி.எஃப். நலிந்த நிறுவனம் என்று பி.ஐ.எஃப்.ஆர். (நலிந்த கம்பெனிகளை மீட்பதா மூடுவதா என்று பார்த்த மத்திய அரசு வாரியம்) முன் போய் நின்றது 1990களின் நடுவில். 2003இல் அதை இழுத்து மூடிவிடலாம் என்று பி.ஐ.எஃப்.ஆர். கருத்துச் சொன்னது. உலகத்தில் ஃபிலிம் விற்பனை உச்சத்தைத் தொட்டதோ 2000ஐ ஒட்டி. அதாவது உலகம் முழுக்க ஃபிலிம் வியாபாரம் ஏறுமுகத்தில் இருந்தபோதே நம்முடையது படுத்துவிட்டது. கல்யாண வீட்டுக்குக் கல்யாண வீடு கலர் ஆல்பம் போட்ட காலம் அது. ஊருக்கு ஊர் கலர் லேப் திறந்த காலம்.

அப்படியானால் எது கொன்றது? என் பதில் இரண்டு. ஒன்று, கலர் கைக்கு வரவில்லை. இன்னொன்று, ரொம்பத் தாமதமாகக் கடன் வாங்கிப் போட்ட பெரிய முதலீடு. டிஜிட்டல் பிணத்தின்மேல்தான் வந்து விழுந்தது.

ஊட்டியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜெலட்டின் கரைசலில் வெள்ளி நைட்ரேட்டும் பொட்டாசியம் புரோமைடும் சேரும்போது ஒளிக்குக் கூசும் வெள்ளி புரோமைடு படிகங்கள் உருவாகும். அந்தக் குழம்பைக் குறிப்பிட்ட சூட்டில் பழுக்கவைத்து, மெல்லிய தாளில் மைக்ரான் கணக்கில் ஒரே சீராகப் பூச வேண்டும். தூசு ஆகாது, புழுக்கம் ஆகாது. 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு சட்டத்தின் (ஃபிரேம்) அகலம் சுமார் 22 மி.மீ. அதைப் பத்து மீட்டர் திரையில் போட்டால் நானூற்றைம்பது மடங்கு பெரிதாகும். பூச்சில் ஒட்டிய ஒரு துரும்பு திரையில் எப்படித் தெரியும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2,200 மீட்டருக்கு மேல் உயரம், குளிர்ந்த சுத்தமான காற்று, நல்ல தண்ணீர். நீலகிரிக்குத் தொழிற்சாலையும் புதிதல்ல. அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. கேத்தியில் ஊசித் தொழிற்சாலை 1949இல்.

அங்கே வேலை பார்த்தவர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இங்கே இருந்தால் எழுதுங்கள்.

---

இந்துநகர்ப்பெண் எழுதியது:

எங்கப்பா அங்கேதான் இருந்தார். இந்து நகர் குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தேன். அவர் பூச்சுப் பிரிவில் இருந்தவர், அதனால் அவர் சொன்னதை எழுதுகிறேன்.

எக்ஸ்ரே ஃபிலிம், பேப்பர் என்றால் மங்கலாகச் சிவப்பு விளக்காவது போட்டுக்கொள்ளலாம். எல்லா நிறத்துக்கும் கூசுகிற ஃபிலிம் என்றால் அதுவும் கிடையாது. கும்மிருட்டு. கை நீட்டினால் கை தெரியாது. இருட்டில் எதிரே வருகிறவர்மேல் மோதாமல் இருக்க, நடக்கும்போது குரல் கொடுத்துக்கொண்டே போவார்களாம். சுவரை ஒட்டி ஒரு கை. எந்தத் திருப்பத்தில் எத்தனை அடி என்பது காலுக்குத்தான் தெரியும். ரேடியம் முள் வைத்த கைக்கடிகாரம் உள்ளே ஆகாது, அந்த வெளிச்சமே ஃபிலிமைக் கெடுத்துவிடும். பவுடர் பூசிக்கொண்டு போகக்கூடாது, தூசு. அம்மா ஒருநாள் அவர் கழுத்தில் பவுடர் போட்டுவிட்டார்கள் என்பதற்காக, வாசலில் நின்று முகம் கழுத்தெல்லாம் கழுவிவிட்டுத்தான் ஷிஃப்டுக்குப் போனார்.

இன்னொன்று. வேலை முடிந்து வெளியே வந்தால் கொஞ்ச நேரம் கண்ணை இடுக்கிக்கொண்டே நடப்பார். எங்கள் தெருவில் பல அப்பாக்கள் அப்படித்தான் வருவார்கள். சின்ன வயதில் எல்லா அப்பாக்களும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கைப்பழக்கத்தை எந்தப் புத்தகத்திலும் எழுதிவைக்க முடியாது. குழம்பு சரியாகப் பழுத்திருக்கிறதா என்பதைச் சோதனைக்கூடத்தின் எண் வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிற ஆட்கள் இருந்தார்களாம். அவர்கள் வி.ஆர்.எஸ். என்கிற விருப்ப ஓய்வில் போனபோது அந்த அறிவும் கூடவே போய்விட்டது. கட்டடம் பாழடைவதைவிட எனக்கு இதுதான் பெரிய இழப்பு.

---

மின்மினி எழுதியது:

அக்கா எழுதியது மனசைத் தொட்டது. ஆனால் படச்சுருள் சொல்வதை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை.

சரி, 96இல் நலிந்தது என்றே வைத்துக்கொள்வோம். நலியாமல் இருந்திருந்தால்? எப்படியும் பத்து வருஷத்தில் ஃபிலிம் சந்தையே காணாமல் போகத்தானே போகிறது? கோடாக் நிலைமையைப் பாருங்கள். அமெரிக்காவில் அவர்கள் ஊரான ராச்செஸ்டரில் மட்டும் 1982இல் அறுபதாயிரம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள். டிஜிட்டல் கேமராவின் முதல் மாதிரியை 1975இல் செய்ததே அவர்கள் பொறியாளர்தான். அவ்வளவு பணம், அவ்வளவு மூளை இருந்தும் 2012 ஜனவரியில் திவால் மனு போட்டார்கள். 2007இல் பெரிய பெரிய கட்டடங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கோடாக்கே தாங்காததை எச்.பி.எஃப். தாங்கியிருக்குமா? முன்னாடி செத்ததோ பின்னாடி செத்ததோ, முடிவு ஒன்றுதான்.

---

படச்சுருள் எழுதியது:

மின்மினி, நியாயமான கேள்வி. ஆனால் கோடாக்கை மட்டும் பார்த்தால் தப்பான பாடம்தான் கிடைக்கும். மற்ற ஃபிலிம் கம்பெனிகளையும் பாருங்கள்.

இங்கிலாந்தில் இல்ஃபோர்டு. கறுப்பு வெள்ளைதான் அவர்கள் பலம், நம் எச்.பி.எஃப். போலவே. 2004இல் கடனில் மூழ்கி நிர்வாகம் கைமாறியது. அங்கே வேலை பார்த்த மேலாளர்கள் ஆறு பேர் சேர்ந்து மொபர்லி ஆலையை வாங்கி, ஹார்மன் டெக்னாலஜி என்று பெயர் வைத்து நடத்தினார்கள். இன்றைக்கும் அங்கே கறுப்பு வெள்ளை ஃபிலிமும் பேப்பரும் தயாராகின்றன. சந்தை சுருங்கியது, அவர்களும் ஆலையைச் சுருக்கினார்கள், பிழைத்தார்கள்.

ஜப்பானின் ஃபூஜி. ஃபிலிமுக்கு அடித்தாளாக இருந்த ட்ரைஅசிடேட் படலத்தையே எல்.சி.டி. திரையின் போலரைசர் தகடுக்கு (ஒளியை ஒரே தளத்தில் மட்டும் விடும் தகடு) பாதுகாப்புப் படலமாக விற்றார்கள். அது அவர்களுக்குப் பெரிய வருமானம்.

எல்லாவற்றையும்விட நமக்கு நெருக்கமான ஒப்பீடு சீனாவின் லக்கி ஃபிலிம். பாவோடிங் நகரில் 1958இல் தொடங்கிய அரசு நிறுவனம். ஏறக்குறைய நம்மோடு ஒரே வயது. அவர்கள் கலர் ஃபிலிமைச் சொந்தமாகப் போடக் கற்றுக்கொண்டார்கள். 2003இல் கோடாக்கே போய் இருபது விழுக்காடு பங்கு வாங்குகிற அளவுக்கு வந்தார்கள். கலர் ஃபிலிமுக்குக் கேட்பு குறைந்ததும் சோலார் பேனலின் பின்தாள், திரைப் படலங்கள் என்று தடம் மாறினார்கள்.

இந்த மூன்று பேரிடமும் இருந்தது ஒரே சொத்து. ஒரு மெல்லிய தாளில், வேகமாக ஓடும்போதே, மைக்ரான் பிசகாமல் பல அடுக்கு பூசத் தெரியும். இந்துநகர்ப்பெண் அக்காவின் அப்பாவுக்கும் அது தெரிந்திருந்தது. ஃபிலிம் போனாலும் அந்த வித்தைக்கு வேலை இருந்தது. தடம் மாறப் பணமும், முடிவெடுக்கும் உரிமையும் வேண்டும். 96க்குப் பிறகு எச்.பி.எஃப்.பிடம் இரண்டும் இல்லை. முன்னாடி செத்ததற்கும் பின்னாடி செத்ததற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

---

ரீல்பெட்டி எழுதியது:

கலர் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பழைய படங்களின் டைட்டில் கார்டிலும் போஸ்டரிலும் ‘ஈஸ்ட்மென் கலர்’, ‘கேவா கலர்’, ‘ஆர்வோ கலர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாம் வெளிநாட்டு ஃபிலிம். எழுபதுகளின் கடைசிக்குள் தமிழ் சினிமா ஏறத்தாழ முழுக்கக் கலருக்குப் போய்விட்டது.

சினிமாவுக்கு ஆகிற ஃபிலிமின் அளவு சாதாரணமல்ல. 35 மி.மீ.யில் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு ஒரு பிரிண்ட் 13,500 அடி. நூறு தியேட்டரில் வெளியிட்டால் பதிமூன்றரை லட்சம் அடி. அந்த வியாபாரம் அப்படியே எச்.பி.எஃப்.பின் கண்முன்னால் கைநழுவியது.

தியேட்டர் பிரிண்டுக்கான கலர் பாசிட்டிவை ஜம்போ ரோலாக, அதாவது பூசி முடித்த அகலமான பெரிய சுருளாக, வெளிநாட்டிலிருந்து தருவித்து, இங்கே நீளவாக்கில் கிழித்து, ஓட்டை போட்டு விற்றார்கள். அது வெட்டித் தரும் வேலை மட்டும்தான். லாபத்தின் பெரும்பகுதி பூசுகிறவனுக்கு. கலர் நெகட்டிவ் என்றால் பத்துப் பன்னிரண்டு அடுக்குக்கு மேல். ஒவ்வொரு அடுக்கிலும் வேறு வேறு சாயக் கூட்டுப்பொருள். அந்த ரகசியத்தை உலகத்தில் நாலைந்து பேர்தான் வைத்திருந்தார்கள், யாரும் சுலபத்தில் விற்கவில்லை. ஆகவே எச்.பி.எஃப்.பை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. சொந்த ஆராய்ச்சிக்கு அறுபதுகளிலிருந்தே விடாமல் பணம் போட்டிருந்தால் முடிந்திருக்கும், அதற்கு சீனாக்காரனே சாட்சி.

---

இருட்டறை எழுதியது:

அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். படச்சுருள் ‘தாமதமான முதலீடு’ என்று சொன்னது எக்ஸ்ரே ஃபிலிம் ஆலையைத்தான் என்று நினைக்கிறேன். டூபாண்ட் தொழில்நுட்பத்தோடு பாலியெஸ்டர் அடித்தாளில் எக்ஸ்ரே ஃபிலிம் போடும் இரண்டாவது ஆலை. அந்த யோசனை முட்டாள்தனமானது என்று யாராவது நினைத்தால் அது தப்பு.

எக்ஸ்ரே ஃபிலிமுக்கு இரண்டு பக்கமும் பூச்சு உண்டு. நோயாளிக்குக் கதிர்வீச்சைக் குறைக்க, காசெட் என்கிற ஒளிபுகாத தட்டைப் பெட்டிக்குள், எக்ஸ்ரே பட்டால் ஒளிரும் இரண்டு ஸ்கிரீனுக்கு நடுவே ஃபிலிமை வைப்போம். கையால் டெவலப் செய்த காலத்தில் பழைய அசிடேட் ஃபிலிம் போதும். கிளிப்பில் மாட்டித் தொட்டியில் தொங்கவிட்டு, அலசி, காயப்போட வேண்டும். காய்ந்தால் சுருளும். ஆட்டோமேட்டிக் பிராசஸர் வந்த பிறகு உருளைகளுக்கு நடுவே ஃபிலிம் வேகமாக ஓட வேண்டும். அதற்கு விறைப்பான, கிழியாத பாலியெஸ்டர்தான் சரி. அதனால் அந்த ஆலை தேவைப்பட்டது. நோயாளிக் கூட்டம் கூடிக்கொண்டே இருந்தது, எக்ஸ்ரே குறையவே இல்லை. கம்ப்யூட்டர் முறை சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு வந்துசேர ரொம்ப வருஷம் ஆனது. 2000க்குப் பிறகும் வெகுகாலம் ஈர ஃபிலிமில்தான் வேலை பார்த்தோம்.

ஆக ஃபிலிமுக்கு ஆள் இருந்தார்கள், ஆலையும் இருந்தது. 91க்குப் பிறகு இறக்குமதி வரி இறங்கியது. வெளிநாட்டு ஜம்போ ரோலை வாங்கி வெட்டிப் பெட்டியில் போட்டு விற்கிறவர்கள் வந்துவிட்டார்கள். பத்து வருஷம் முந்தி அந்த ஆலை வந்திருந்தால் கடன் அடைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

---

வட்டிக்கணக்கு எழுதியது:

நான் ஆடிட் துறை. ஐயா சொன்னதன் மறுபக்கத்தை எண்ணில் காட்டுகிறேன்.

2010களில் மத்திய அரசு நிறுவனங்களில் அதிகம் நஷ்டப்படுபவை என்று ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வரும். ஏர் இந்தியா, பி.எஸ்.என்.எல். போன்ற பூதங்களோடு எச்.பி.எஃப். பெயரும் அதில் இருக்கும். வருஷத்துக்கு ஆயிரம் கோடிக்கு மேல் நஷ்டம். படிக்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? ஊட்டியில் சில நூறு பேர் உட்கார்ந்துகொண்டு ஆயிரம் கோடியைத் தின்கிறார்கள் என்று. அப்போது தொலைக்காட்சி விவாதங்களில் அப்படியே பேசவும் செய்தார்கள்.

அந்த நஷ்டத்தில் மிகப் பெரும்பகுதி கட்டாத கடனுக்கு ஏட்டில் ஏறிக்கொண்டே போன வட்டி. ஒரு பேச்சுக்கு 100 கோடிக் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 விழுக்காடு கூட்டு வட்டி. ஒரு பைசா புதிதாக வாங்காமல், ஒரு பைசா கட்டாமல் இருந்தால் இருபது வருஷத்தில் 1,637 கோடி. அந்த இருபதாவது வருஷத்துக்கு மட்டும் வட்டி 213 கோடி. ஆலை முழு வேகத்தில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்த எண் மாறாது. ஆள் ஒருவர்கூட இல்லாவிட்டாலும் மாறாது.

2014இல் மத்திய அமைச்சரவை வி.ஆர்.எஸ்.ஸுக்கு ஒப்புதல் கொடுத்தபோது மிஞ்சியிருந்தவர்கள் எழுநூறு சொச்சம் பேர், அதற்கு ஒதுக்கியது சுமார் 181 கோடி. ஒரே வருஷத்து ஏட்டு வட்டியில் ஒரு சிறு துண்டு அது. தொழிலாளி சம்பளம்தான் கம்பெனியைக் கவிழ்த்தது என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

என் கோபம் ஒன்றுதான். 96இலிருந்து 2014 வரை பதினெட்டு வருஷம் ‘மூடவும் இல்லை, நடத்தவும் இல்லை’ என்று இழுத்தார்கள். பி.ஐ.எஃப்.ஆர்., மேல்முறையீடு, நீதிமன்றம், மறுசீரமைப்புத் திட்டம், மறுபடி கமிட்டி. கடனைத் தள்ளிச் சுத்தமாக ஒரு சின்ன கம்பெனியாக ஆக்கியிருந்தால் இல்ஃபோர்டு மாதிரி ஏதாவது ஒரு வழி கிடைத்திருக்கலாம். அல்லது 96இலேயே கௌரவமாக மூடி, நாற்பது வயதில் அவர்களை வெளியே விட்டிருக்கலாம், வேறு வேலை தேடியிருப்பார்கள். இரண்டும் செய்யாமல் ஒரு தலைமுறையின் வேலை செய்யும் வயதை அங்கேயே கரைத்தார்கள்.

---

மின்மினி எழுதியது:

வட்டிக்கணக்கு சார், அந்தப் பட்டியலை வைத்துத்தான் நானும் இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தேன். 181 கோடி, ஆயிரம் கோடி ஒப்பீடு கண்ணைத் திறந்தது. ஆனாலும் சந்தை விஷயத்தில் என் கருத்தை முழுசாக விடவில்லை. இல்ஃபோர்டுக்கு உலகம் முழுக்க வாடிக்கையாளர் இருந்தார்கள், இந்து ஃபிலிமுக்கு உள்நாடு மட்டும்தான். சின்ன கம்பெனியாக ஆக்கியிருந்தாலும் யாரிடம் விற்பது?

---

எல்பேக்கரை எழுதியது:

ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன். ரீல்பெட்டி சொன்ன ஆர்வோ கலரின் ஊரான வோல்ஃபென் எனக்குப் பக்கம்தான்.

அந்த ஆலையை 1909இல் ஆக்ஃபா கட்டத் தொடங்கியது. 1936இல் உலகின் ஆரம்பகால நவீன கலர் ஃபிலிம்களில் ஒன்று அங்கேதான் பிறந்தது. போருக்குப் பிறகு கிழக்கு ஜெர்மனிப் பக்கம் போய், 1964இல் ஆர்வோ என்று பெயர் மாறியது. பெர்லின் சுவர் இடிந்த சமயத்தில் பதினாலாயிரம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள், பாதிக்கு மேல் பெண்கள். 1994இல் கலைப்புக்குப் போய்விட்டது. இங்கேயும் டிஜிட்டல் காரணமில்லை என்பதைக் கவனியுங்கள். சோவியத் பக்கத்துச் சந்தை ஒரே இரவில் போனது, மேற்கு ஜெர்மனியின் மார்க் நாணயத்தில் சம்பளம் கொடுக்க வேண்டி வந்தது, அவ்வளவுதான்.

இரண்டு விஷயம் நீலகிரிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய பூச்சுக் கட்டடம் ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அசல் இயந்திரங்கள் அப்படியே நிற்கின்றன. இருட்டில் எப்படி வேலை நடந்தது என்பதைச் சுற்றிக்காட்டுகிறார்கள். இரண்டாவது நல்ல செய்தி இல்லை. ஆலைக் கழிவைப் பல்லாண்டுகள் கொட்டிய பழைய நிலக்கரிக் குழி ஒன்று இருக்கிறது. வெள்ளி ஏரி என்று ஊர்க்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அதைச் சுத்தம் செய்யும் தலைவலி ஆலை மூடிய பிறகும் தீரவில்லை.

எங்கேயும் ஃபிலிம் ஆலை நின்ற நிலத்தை வேறு எதற்கும் கொடுக்கும் முன், மண்ணையும் கிணற்றையும் சோதிப்பது முதல் வேலை. வெள்ளி உப்புகள், கரைப்பான்கள் இரண்டையும் பார்க்க வேண்டும்.

---

இந்துநகர்ப்பெண் எழுதியது:

எல்பேக்கரை தம்பி சொன்னதைப் படித்ததும் மனசில் இருப்பதைக் கேட்டுவிடுகிறேன். மலை ரயிலுக்கு 2005இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. அதே மலையில் இந்த நாட்டின் சினிமாவும் வைத்தியமும் நம்பியிருந்த ஓர் ஆலை இருந்தது. ஐ.டி. பூங்கா, கல்லூரி, படப்பிடிப்பு நகரம் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எது வந்தாலும் சரி, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தால் போதும். மலையில் புதிதாகக் கட்ட எவ்வளவு கட்டுப்பாடு என்று எல்லாருக்கும் தெரியும். இருக்கிற கட்டடத்தை இடித்துவிட்டால் அப்படி ஒன்றை மறுபடி எழுப்ப அனுமதியே வராது. ஒரே ஒரு பூச்சு அறையை மட்டும் வோல்ஃபென் மாதிரி நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். இயந்திரத்தைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிட்டால் பிறகு என்ன சொல்லி விளக்குவது?

---

படச்சுருள் எழுதியது:

மின்மினி கேட்ட ‘யாரிடம் விற்பது’ என்பதற்கு என்னிடம் இருக்கும் பதில், ஃபிலிமாக மட்டும் விற்றிருக்க வேண்டியதில்லை என்பதுதான். சோலார் பின்தாளுக்கும் திரைப் படலத்துக்கும் இந்தியாவிலேயே இன்றைக்குக் கேட்பு இருக்கிறது, பெரும்பகுதி இறக்குமதி. இதற்குமேல் ஊகம்தான், நிறுத்திக்கொள்கிறேன்.

அக்கா, உங்கள் அப்பா இருந்தால், அல்லது அவரோடு வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால், போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். எந்தச் சூட்டில் பழுக்கவைத்தார்கள், எந்த ஜெலட்டின் ஒத்துவந்தது, ஷிஃப்ட் மாறும்போது எதை முதலில் பார்த்தார்கள் என்று வேலையைப் பற்றியே கேளுங்கள். ஜெலட்டின் விஷயம் சாதாரணமல்ல. மாட்டு எலும்பிலும் தோலிலும் எடுப்பது. மாடு கடுகு இனச் செடி தின்றதால் ஜெலட்டினில் கந்தகம் சேர்ந்து ஃபிலிம் ஒளிக்குக் கூசும் தன்மை கூடியது என்பதைக் கோடாக் விஞ்ஞானிகள் 1920களில் கண்டுபிடித்தார்கள். ஊட்டியிலும் இப்படி எத்தனையோ கண்டறிந்திருப்பார்கள்.

---

இருட்டறை எழுதியது:

ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய கறுப்பு வெள்ளை நெகட்டிவ் வைத்திருப்பவர்கள் டப்பாவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் மாதிரி புளிப்பு வாடை வந்தால் அசிடேட் அடித்தாள் சிதையத் தொடங்கிவிட்டது. ஒன்று சிதைந்தால் அந்த ஆவியே பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அதைத் தனியாக எடுத்துவையுங்கள். பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டாமல் அமிலம் இல்லாத காகித உறையில், ஈரமில்லாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். சுருள ஆரம்பிக்கும் முன் ஸ்கேன் எடுத்துவிடுங்கள், சுருண்டுவிட்டால் ஸ்கேனரில் சமமாகப் படியாது. பாலியெஸ்டர் எக்ஸ்ரே ஃபிலிமுக்கு இந்தப் பயம் இல்லை.